பிரபுவின் மானும் நெசவாளியின் புல்லும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துச் சித்திரத் திரைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ரசிகர்களில் ஒரு சாராருக்கு உடனே பெருமூச்சு வந்துவிடுகிறது. "ஆஹா, அதுவல்லவா வாழ்க்கை!" என்கிறார்கள். அடர்ந்த காடு, தழையத் தழைய உடுத்திய சீமாட்டிகள், முன்கையில் உட்கார்ந்திருக்கும் ராஜாளி, காலடியில் துள்ளும் வேட்டை நாய்கள், மர நிழலில் விருந்து, பூத்துக் கிடக்கும் புல்தரையில் யாழ் மீட்டும் ஓர் இளைஞன். "இயற்கையோடு இயைந்து, அவசரமே இல்லாமல் வாழ்ந்த மனிதர்களைப் பாருங்கள். நாகரிகம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது இதைத்தான்" என்று சொல்லிப் படப் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறார்கள்.

எனக்குக் கோபம் இந்தப் பெருமூச்சின் மேல்தான். திரைகளின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மனிதக் கை செய்த மிக அற்புதமான காரியங்களில் அவையும் சேர்ந்தவை. ஆனால் அவற்றில் இருப்பது கிராம வாழ்க்கை என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. கிராமம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவன் கொடுத்த வாக்குமூலம் அது. ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எதிர்த் தரப்பைக் கூப்பிட்டே பார்க்காமல் தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாம் என்ன சொல்லுவோம்? இந்த ரசிகர்களையும் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தத் திரை என்பது என்ன? 'டாபெஸ்ட்ரி' என்று அதற்குப் பெயர். துணியை நெய்து முடித்து அதன் மேல் சித்திரம் தீட்டுவது அல்ல அது. ஊசியால் பூவேலை செய்வதும் அல்ல. பாவு இழுத்துக் கட்டிய தறியில், ஊடை நூலையே நிறத்துக்கு நிறம் மாற்றி, ஒவ்வொரு நிறத்தையும் அதற்குரிய இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் ஓட்டி, அடித்து நெருக்கி, துணியும் சித்திரமும் ஒரே சமயத்தில் பிறக்கும்படி செய்வது. கம்பளி நூல், பட்டு நூல். செல்வந்தர் வீட்டுக்கு என்றால் பட்டு நூலின் மேல் பொன் முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிய ஜரிகை. நல்ல கைத்திறமை உள்ள ஒரு நெசவாளி ஒரு மாதம் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர கஜம் தேறும். வேலை நுட்பமாக இருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. அராஸ், டூர்னே, பிரஸ்ஸல்ஸ் ஆகிய ஊர்களில் இதுவே பிழைப்பாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. அராஸ் ஊரின் பெயரே இத்தாலிய மொழியில் திரைக்குப் பெயராகிவிட்டது என்றால் அந்தத் தொழிலின் கீர்த்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை? ஸிஸ்டைன் ஆலயத்தின் கூரையைத் தீட்டியதற்கு மைக்கேலாஞ்சலோ பெற்ற பணத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதே ஆலயத்தின் சுவர்களுக்காக ரஃபேல் வரைந்து கொடுத்த சித்திரங்களைப் பிரஸ்ஸல்ஸில் திரையாக நெய்வதற்குச் செலவாயிற்று. அந்தக் காலத்தில் ஓவியம் என்பது திரை வாங்க வசதி இல்லாதவன் வாங்கியது என்று சொன்னால் ரொம்பவும் மிகையாகாது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1547ல் இறந்தபோது அவனுடைய அரண்மனைகளில் இருந்த திரைகளை எண்ணினார்கள். 2,000க்கு மேல் இருந்தன. கல் சுவரின் குளிரை மறைக்கும். சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கோட்டைக்குப் போகலாம். போன இடத்தில் மாட்டிய உடனே, வந்திருப்பவன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்றாவது உபயோகம்தான் முக்கியமானது.

இப்போது நம் ரசிகர்கள் அதிகம் உருகும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுவோம். பாரீஸில் லூவர் மியூஸியத்தில் இருக்கிறது. 'மாக்ஸிமிலியனின் வேட்டைகள்' என்று பெயர். பன்னிரண்டு திரைகள். ஒவ்வொன்றும் 14 அடிக்கு மேல் உயரம். பெர்னார்ட் வான் ஓர்லி என்ற ஓவியர் வரைந்து கொடுத்து, 1530ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டது. மாக்ஸிமிலியன் சக்கரவர்த்தி 1519லேயே இறந்துபோனார். இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஒருவருடைய பெயர் திரைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நெய்தவர்களில் ஒருவருடைய பெயரும் ஒட்டிக்கொள்ளவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு திரைகள், பன்னிரண்டு மாதங்கள். மார்ச்சில் ஆரம்பிக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரமும் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அரண்மனையும் பின்னால் தெரிய, வேட்டைப் பரிவாரம் புறப்படுகிறது. பிறகு மாதத்துக்கு மாதம் சோனியன் காடு நிறம் மாறுகிறது. மான் எங்கே படுத்திருக்கிறது என்று தேடுகிறார்கள், மர நிழலில் உட்கார்ந்து விருந்து உண்ணுகிறார்கள், மானைத் துரத்துகிறார்கள், குளிர் காலத்தில் பன்றியைக் குத்துகிறார்கள். இலை உதிர்வதும், குதிரையின் மூச்சும், நாயின் விலா எலும்பும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. வேலைத்திறனில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால், 1416ல் முடிந்த சில ஆண்டுகளில், பிரான்சில் பெர்ரி பிரபுவுக்காக லிம்பர்க் சகோதரர்கள் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்துக்குச் சித்திரம் எழுதினார்கள். அதிலும் பன்னிரண்டு மாதங்கள் உண்டு. அந்த மார்ச்சில் ஒரு கிழவன் மாடு கட்டி உழுகிறான். ஜூலையில் கதிர் அறுக்கிறார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறார்கள். ஆகஸ்டில் பிரபுக்கள் ராஜாளியோடு முன்னால் போகிறார்கள். பின்னால் அறுவடை நடக்கிறது. டிசம்பரில் நாய்கள் காட்டுப் பன்றியைப் பிடிக்கின்றன. பெர்ரி பிரபு ஒன்றும் ஏழை பங்காளர் அல்ல. குடிகளைக் கசக்கி வரி வாங்கியவர்தாம். ஆனாலும் அவருடைய வருஷத்தில் உழவனுக்கும் இடம் இருந்தது. நூறு வருஷம் கழித்துப் பிரஸ்ஸல்ஸ் திரையில் வருஷம் முழுவதையும் வேட்டை விழுங்கிவிட்டது. மார்ச்சிலும் வேட்டைதான், ஜூலையிலும் வேட்டைதான். விதைப்பு என்று ஒரு மாதம் இல்லை. அந்த விருந்தில் ரொட்டி உண்டு. கோதுமை விளைந்ததற்குத்தான் நாட்காட்டியில் நாள் இல்லை.

நாவல் படிக்கிற வாசகர்கள் நீங்கள். ஒரு கதையில் முதல் அத்தியாயத்தில் வந்த ஓர் ஆள் பிறகு வராமலே போனால் "அவன் என்ன ஆனான்?" என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கச் சொல்லுகிறேன். பெர்ரி பிரபுவின் மார்ச்சில் உழுதுகொண்டிருந்த கிழவன் என்ன ஆனான்?

என்ன ஆனான் என்பது சரித்திரத்தில் இருக்கிறது. 1525 மார்ச்சில், தெற்கு ஜெர்மனியில் மெம்மிங்கன் என்ற ஊரில் குடியானவர்கள் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். இதிலும் எண் பன்னிரண்டுதான். அச்சு யந்திரம் வந்துவிட்ட காலம். இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 25,000 பிரதிகள் பரவின என்கிறார்கள். அதில் நாலாவது கோரிக்கை முழுக்க முழுக்க வேட்டையைப் பற்றியது. ஏழை ஒருவன் மானையோ பறவையையோ ஓடுகிற தண்ணீரில் உள்ள மீனையோ பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் அநியாயமானது. பிரபுக்களின் வேட்டைக்கென்று வளர்க்கப்படும் மிருகங்கள் எங்கள் பயிரை மேய்ந்து அழிக்கின்றன, நாங்கள் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். ஐந்தாவது கோரிக்கை காட்டைப் பற்றியது. அடுப்பெரிக்கும் விறகுக்குக்கூடப் பிரபுவுக்குப் பணம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்ற முறையீடு அது.

கவனியுங்கள்: ரசிகர் பார்த்து உருகும் அதே மான், அதே காடு. ஒருவனுக்கு அது வேட்டை. இன்னொருவனுக்கு, வரப்போகும் குளிர் காலத்துக் கஞ்சியைத் தின்றுவிட்டுப் போகும் பிராணி. அதன் மேல் கல்லெறிந்தால் அவனுக்குத் தண்டனை. பல இடங்களில் அதே குடியானவன்தான் வேட்டை நாளில் தன் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய் மிருகங்களை விரட்டிக் கொடுக்கவும் வேண்டும். நாய்களுக்குத் தீனி போடவும் வேண்டும். இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று நம்மவர் சொல்லுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

அந்தக் கோரிக்கைகளுக்கு என்ன பதில் கிடைத்தது? வாள்தான். அந்த ஒரு வருஷக் கலகத்தில் மாண்ட குடியானவர்கள் எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று சரித்திராசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கலகம் நடந்தது ஜெர்மனியில். திரை நெய்தது பிரஸ்ஸல்ஸில். வேறு வேறு ஊர் என்பது வாஸ்தவம். ஆனால் இரண்டு இடத்துக்கும் மேலே உட்கார்ந்திருந்தது ஒரே ஹாப்ஸ்பர்க் குடும்பம். ரத்தம் காய்ந்து ஐந்தாறு வருஷத்துக்குள், அந்தக் குடும்பத்தின் அரண்மனையைப் பின்னணியில் வைத்து, மானும் காடும் வருஷமும் எங்களுடையவை என்று பட்டிலும் ஜரிகையிலும் நெய்து தொங்கவிட்டால் அதற்கு என்ன பெயர்? நான் பட்டா என்று சொல்லுவேன். படம் போட்ட பட்டா.

இங்கே நம் ரசிகர் குறுக்கிடுகிறார். "கலையில் அரசியலைக் கொண்டுவந்து கலக்காதீர்கள். கலைஞன் செய்தித்தாள் நிருபர் அல்ல. அழகைக் காட்டுவது அவன் தொழில். அழும் குடியானவனை நெய்து மாட்டியிருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்குமோ?"

இல்லை, ஐயா. அழும் குடியானவனை நெய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படி நெய்திருந்தால் அதையும் பிரபுவே விலைக்கு வாங்கி மாட்டியிருப்பார். குடியானவர்களை நெய்த திரைகளும் உண்டு. டூர்னேயில் 15ஆம் நூற்றாண்டில் நெய்த சில திரைகளில், முயல் வளைகளின் வாயில் வலையைக் கட்டி, ஃபெரட் என்ற கீரி மாதிரியான பிராணியை உள்ளே விட்டு முயல் பிடிக்கும் நாட்டுப்புறத்து ஜனங்கள் இருக்கிறார்கள். இன்று அவற்றில் ஒன்று சான் பிரான்ஸிஸ்கோவில் இருக்கிறது, இன்னொன்று கிளாஸ்கோவில். குதிரையும் கலைமானும் இவர்களுக்குக் கிடையாது, வலையும் முயலும்தான். பிரபுவின் கூடத்தில் இவர்கள் ஒரு வேடிக்கை. அழகைக் காட்டட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அழகாக இருப்பதாலேயே அது சாட்சியாகிவிடாது என்பதுதான் என் கட்சி. அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு பத்திரத்தை உண்மை என்று ஒப்புக்கொள்ளுவீர்களா?

ஓய்வு என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கவேண்டும். வேட்டையாடிய பிரபுக்களே அதை ஓய்வு என்று ஒப்புக்கொண்டதில்லை. பிரான்சில் காஸ்தோன் ஃபெபூ என்ற பிரபு 1387ல் எழுத ஆரம்பித்த வேட்டை நூல் ஒன்று பிரசித்தமானது. அதில் அவர் சொல்லும் வாதம் ரசமானது. பாவங்களுக்கெல்லாம் வேர் சோம்பல். வேட்டைக்காரன் விடியற்காலையிலிருந்து இரவு வரை சோம்பியிருப்பதே இல்லை. ஆகையால் அவனுக்குப் பாவம் செய்ய நேரமில்லை. ஆகையால் அவன் நேரே சொர்க்கத்துக்குப் போவான்! உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் இந்தத் தர்க்கப்படி எத்தனை சொர்க்கம் சேரவேண்டும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு இன்னொரு சாரார் மகிழ்ச்சியோடு கை தட்டுவார்கள். "அப்படியானால் இவையெல்லாம் பிரபுத்துவக் குப்பை. கொளுத்திவிடவேண்டியதுதானே?" என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

கொளுத்தியும் பார்த்தார்கள். 1789 ஆகஸ்டில் பிரெஞ்சு தேசிய சபை பிரபுக்களின் விசேஷ உரிமைகளை ஒழித்தபோது, வேட்டையாடும் தனி உரிமையும் சேர்ந்து ஒழிந்தது. மெம்மிங்கன் குடியானவன் கேட்டது, வேறொரு தேசத்தில், 264 வருஷம் கழித்துக் கிடைத்தது. அதை நான் கொண்டாடுகிறேன். அந்தக் கொந்தளிப்பில் வெர்தய் கோட்டையிலிருந்த 'ஒற்றைக் கொம்புக் குதிரை வேட்டை' என்ற ஏழு திரைகள் குடியானவர்கள் கைக்குப் போயின. பனியில் உருளைக்கிழங்கு கெட்டுப்போகாமல் இருக்க அவற்றைப் போர்த்தி வைத்தார்கள் என்று சொல்லுகிறார்கள். இதைக் கேட்டு ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளுகிறார்கள். நான் அடித்துக்கொள்ள மாட்டேன். அந்தத் திரைகள் பிறந்த நாளிலிருந்து முந்நூறு வருஷத்தில் குடியானவனுக்குச் செய்த முதல் உபகாரம் அது. கிழங்கும் பிழைத்தது, திரையும் பிழைத்தது.

ஆனால் 1797ல் நடந்தது வேறு. அரசாங்கக் கஜானா காலி. அரச குடும்பத்தின் சேகரிப்பிலிருந்த பழைய திரைகளை, அவற்றில் ஜரிகை அதிகமாக இருந்தவற்றையே பொறுக்கி எடுத்து நெருப்பிலிட்டுப் பொன்னையும் வெள்ளியையும் உருக்கி எடுத்தார்கள். பழைய பட்டுப் புடவையை ஜரிகைக்காக எடை போட்டு வாங்குகிறவன் செய்வதை ஒரு தேசத்து அரசாங்கம் செய்தது. இதனால் நஷ்டம் யாருக்கு? பிரபுவுக்கா? அவருக்குத் திரை போனால் என்ன, தலையே போயிருந்தது. நெருப்பில் போனது நெசவாளியின் வேலை. அந்த மனிதன் இவ்வுலகில் இருந்தான் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி. பிரபுவைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு கூலிக்காரனின் கையை வெட்டுவதற்குப் புரட்சி என்று பெயர் வைக்க முடியாது.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இப்போது வந்துவிட்டேன். பிரபுவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவனும் சரி, பிரபுவைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவனும் சரி, இருவரும் பிரபுவைத்தான் பார்க்கிறார்கள். திரை அவன் உத்தரவு, அவன் பணம். ஆனால் அவன் கை அதில் படவில்லை. யார் கை பட்டது?

தறியில் உட்கார்ந்தவர்கள் திரையின் முன்புறத்தைப் பார்த்து நெய்யவில்லை. பின்புறத்தைப் பார்த்து நெய்தார்கள். முடிச்சும் தொங்கும் நூலும்தான் அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தன. பிரஸ்ஸல்ஸ் தறியில் மாதிரிச் சித்திரம் பாவுக்கு அடியில் கிடக்கும். ஆகையால் நெய்யும்போது வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிவிடும். நெய்த பகுதி உருளையில் சுருண்டு போய்க்கொண்டே இருக்கும். ஒரு குதிரையின் கழுத்தை நெய்கிறவனுக்கு அதன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாதக் கணக்காக உழைத்து, கடைசியில் பாவை அறுத்துத் திரையை இறக்கி விரிக்கும் அன்றுதான் அவன் தான் செய்ததை முழுசாக முதல் தடவையாகப் பார்ப்பான். மறுநாள் அது போய்விடும்.

1528ல் பிரஸ்ஸல்ஸ் நகரம் ஒரு சட்டம் போட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் நகரத்தின் முத்திரை இருக்கவேண்டும். செய்தவன் அல்லது விற்பவனின் முத்திரையும் இருக்கவேண்டும். சிவப்புக் கேடயம் ஒன்று, இரண்டு பக்கமும் 'பி' என்ற எழுத்து. போலிச் சரக்கைத் தடுக்கப் போட்ட நல்ல சட்டந்தான். ஆனால் அந்த முத்திரை பட்டறை முதலாளியுடையது, வியாபாரியுடையது. தறியில் குனிந்தவனுக்கு ஓரத்திலும் இடமில்லை.

அவனுடைய மனசு எங்கே இருந்தது என்பதற்கு ஒரு சிறு தடயம் உண்டு. 1527ல் பிரஸ்ஸல்ஸில் லூதர் வழிப் பிரசங்கத்தைக் கேட்டார்கள் என்ற குற்றத்துக்காகச் சிலரைப் பிடித்து விசாரித்துத் தண்டித்தார்கள். அவர்களில் திரைப் பட்டறைக்காரர்கள் இருந்தார்கள். வேட்டைச் சித்திரம் வரைந்த வான் ஓர்லியும் இருந்தார். வேதத்தின் முன்னால் எல்லாரும் சமம் என்ற பேச்சைக் கேட்கப் போய் மாட்டிக்கொண்ட மனிதர், சில வருஷத்துக்குள் அரண்மனை வேட்டையை வரைந்து கொடுக்கிறார். பிழைப்பு வேண்டுமே! அவரை நான் குறை சொல்லவில்லை. பத்திரிகைக்குக் கதை எழுதிப் பிழைக்கிறவன் அதைச் சொல்லுவதற்கு இல்லை. ஆனால் அந்தக் காட்டின் அமைதியைப் பார்த்து, அதைச் செய்தவர்களும் அமைதியாக இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. 1476ல் அதே ஊரில் ஓவியர்களுக்கும் நெசவாளிகளுக்கும் ஒரு வழக்கு வந்தது. நெசவாளிகள் தாங்களே சித்திரம் போட்டுக்கொள்ளுகிறார்கள், எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று ஓவியர்கள் முறையிட்டார்கள். ஒரு சமரசம் ஏற்பட்டது. மனித உருவங்களையும் காட்சியின் அமைப்பையும் ஓவியர்தான் வரையவேண்டும். துணிமணி, மரம், செடி, புல், மிருகம் ஆகியவற்றை நெசவாளிகள் தங்களுக்குள் வரைந்துகொள்ளலாம்.

இந்தப் பாகப்பிரிவினையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ராஜாவும் சீமாட்டியும் ஓவியன் பங்குக்குப் போனார்கள். புல்லும் பூவும் முயலும் நெசவாளியின் பங்குக்கு வந்தன. சொத்தில் உதவாத பகுதியைத் தம்பிக்குத் தள்ளிவிடுவதுபோலத் தள்ளிவிட்டார்கள். ஐந்நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் எது நிலைத்தது? பாரீஸில் க்ளூனி மியூஸியத்தில் 'பிரபு வாழ்க்கை' என்ற ஆறு திரைகள் இருக்கின்றன. பூத்தையல் போடும் சீமாட்டி, படிக்கும் கனவான், தோட்டத்தில் நீராடல், வேட்டைக்குப் புறப்பாடு. அந்த மனிதர்களைச் சற்று நேரம் பார்த்தால், ஒருவரை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை என்பது தெரியும். அவர்கள் பட்டறையில் கைவசமிருந்த மாதிரிகள். ஒரு திரைக்குப் பயன்பட்டவர்கள் இன்னொரு திரைக்கும் வருவார்கள். நாடகக் கம்பெனியில் ராஜா வேஷத்துக்கு என்று ஒரே உடுப்பு இருப்பதுபோல. உயிர் இருப்பது அவர்கள் காலடியில், அந்த ஆயிரம் பூக்களில்தான்.

உருளைக்கிழங்கைப் போர்த்திய அந்த ஒற்றைக் கொம்புத் திரைகளை 1937ல் ராக்ஃபெல்லர் நியூயார்க்கில் க்ளாய்ஸ்டர்ஸ் மியூஸியத்துக்குக் கொடுத்தார். நாலு வருஷம் கழித்து, 1941ல், தாவர சாஸ்திரிகள் இருவர் அவற்றிலுள்ள செடிகளை ஆராய்ந்தார்கள். 101 வகைச் செடிகள். அவற்றில் 85 வகையை இன்ன செடி என்று பெயர் சொல்ல முடிந்தது. அதே திரைகளில், இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்க 'ஏ', 'ஈ' என்று இரண்டு எழுத்துக்களைக் கயிற்று முடிச்சால் பிணைத்து இடத்துக்கு இடம் பொறித்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்கள் யாரைக் குறிக்கின்றன என்று இன்று வரை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வாங்கியவன் தன் பெயரை மூலைக்கு மூலை எழுதச் சொன்னான்; அது மறந்துபோயிற்று. நெய்தவன் பெயர் எழுதவில்லை. தான் பார்த்த செடியை ஒழுங்காகப் பார்த்து நெய்தான். அது ஐந்நூறு வருஷம் கழித்தும் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது.

அழகைப் பற்றி என்னோடு வாதம் செய்யும் ரசிகருக்கு இதைத்தான் பதிலாகச் சொல்லுகிறேன். அழகை நான் மறுக்கவில்லை. அதன் சொந்தக்காரர் யார் என்பதில்தான் தகராறு. அந்தக் காட்டில் ஒரு மனிதன் இயற்கையைக் கண்ணால் கண்டிருக்கிறான், மனசால் தொட்டிருக்கிறான் என்றால், அவன் குதிரை மேல் பாய்ந்துபோன பிரபு அல்ல. பகல் வெளிச்சம் இருக்கும்வரை தறியில் முதுகு வளைந்து உட்கார்ந்து, நேற்று வேலி ஓரத்தில் பார்த்த செடிக்கு எத்தனை இதழ் என்று நினைவுபடுத்திக்கொண்டவன். பிரபுவின் ஓய்வை நெய்து கொடுத்த அவனுக்கு ஓய்வு என்று ஒன்று இல்லை.

காலமும் இந்தக் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுகிறது. அந்த நாளில் நீலத்துக்கு 'வோடு' என்ற செடி, நம் அவுரியைப்போல. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர். மஞ்சளுக்கு 'வெல்டு' என்ற செடி. பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றவேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்; நீலம் நிற்கும். ஆகையால்தான் பழைய திரைகளில் மரங்களெல்லாம் நீலமாக இருக்கின்றன. ரசிகர் அதைக் கனவுலக நீலம் என்று வர்ணிக்கிறார். கனவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சாயம் போயிருக்கிறது, அவ்வளவுதான். 1998ல் ஒற்றைக் கொம்புத் திரைகளைச் சுத்தம் செய்வதற்காகப் பின்னால் தைத்திருந்த துணியைப் பிரித்தபோது, வெளிச்சம் படாத பின்புறத்தில் பழைய வர்ணங்கள் பளிச்சென்று இருப்பதைக் கண்டார்கள். பிரபு பார்த்த பக்கம் மங்கிவிட்டது. நெசவாளி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் பச்சை பச்சையாகவே இருக்கிறது.

டெவன்ஷயர் பிரபுக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்த நாலு பெரிய வேட்டைத் திரைகள், 15ஆம் நூற்றாண்டில் நெய்தவை, 1957ல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்துக்கு வந்து சேர்ந்தன. எப்படி? பத்தாவது பிரபு இறந்ததும் கட்டவேண்டிய வாரிசு வரிக்குப் பதிலாக அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது. இன்று பஸ்ஸில் வந்து இறங்குகிற எவனும் அவற்றின் முன்னால் நிற்கலாம். இதுதான் சரியான வழி. கொளுத்தவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டால் போதும்.

ஆனால் மியூஸியத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறதே, அதில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பாருங்கள். எந்தச் சக்கரவர்த்தி, எந்தப் பிரபு, எந்தக் கோடீசுவரன் தானம். நெசவாளியின் பெயர் தெரியாது என்றால், 'பெயர் தெரியாத நெசவாளிகள் நெய்தது' என்று அந்த அட்டையின் தலைப்பில் எழுதுவதற்கு என்ன தடை? ஒரு வரிதானே?

அது வரும் வரையில், படப் புத்தகம் கையில் கிடைக்கும்போது பெருமூச்சு விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். குதிரை மேல் இருப்பவனை விட்டுவிட்டு, படத்தின் கீழ் ஓரத்துக்கு வாருங்கள். குதிரைக் குளம்புக்கு அரை விரற்கடை தள்ளி, மிதிபடாமல், ஒரு சின்னப் பூ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.